கப்பலேறிய அண்ணன்

ராயர் ஆட்சியில் துறைமுகமாக இருந்த எங்கள் ஊரிலிருந்து அந்த வருஷம் துணிமூட்டைகளைவிட உறவுமுறைகளே அதிகம் கப்பலேறின. கடலுக்கு அப்பால் சித்தப்பாவும் அத்தையும் இல்லாமல் சிரமப்படும் நாடுகள் நிறைய இருந்தன. எங்களிடம் தேவைக்கு மேலேயே இருந்தார்கள்.

நான் பரங்கிக் கப்பல் தலைவருக்குத் துபாஷி. அவர் பேச்சைத் தமிழில் சொல்வதோடு, அவர் வாங்கும் உறவில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலை. ஒரு காலை, கிடங்குக்குப் புதிதாக வந்த மூட்டையை அவிழ்த்தேன். உள்ளே ஓர் அண்ணன் இருந்தது. குளத்தில் மூழ்கிய தங்கையின் தலைமயிரைப் பற்றி இழுத்த கை அதில் இருந்தது. என் கைதான்.

தங்கை செங்கமலத்தின் வீட்டுக்கு ஓடினேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

“வாங்க ஐயா. யாரைப் பார்க்கணும்?”

“செங்கமலம், நான் வரதப்பன்.”

“தெரியலீங்களே. எனக்கு ஒரு அண்ணன் இருந்தார். நேத்துதான் கொடுத்துட்டேன். மலாக்காவுல பிடிச்சு வச்சிருக்கிற என் வீட்டுக்காரரை அதுக்குப் பதிலா மீட்டுத் தர்றேன்னு கப்பல் தலைவர் சொல்லியிருக்கார். சரக்கு பழுதில்லைன்னு துபாஷி சொல்லணுமாம். அவரை உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்மா.”

“நல்லபடியா சொல்லச் சொல்லுங்க.”

கிடங்குக்குத் திரும்பினேன். விரிசல் உண்டா என்று தலைவர் கேட்டார். மூட்டையை மறுபடி அவிழ்த்து, புரட்டிப் புரட்டித் தேடினேன். இல்லை என்றேன். உண்மையும் அதுதான்.

அடுத்த பருவக்காற்றில் அவள் கணவர் மாதையன் வந்து இறங்கினார். கரையிலேயே “மச்சான்!” என்று என்னைக் கட்டிக்கொண்டார். அவருடைய மச்சானை அவர் விற்கவில்லை.

“இவர் யாருங்க?” என்றாள் செங்கமலம்.

“என் மச்சான்.”

“அப்ப இவர் எனக்கு என்ன உறவு வேணும்?”

மாதையன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “உனக்கு ஒரு உறவும் ஆகலை போலிருக்கே.”

“வெயில்ல வந்திருக்கீங்க, வீட்டுக்கு வந்து மோர் குடிச்சுட்டுப் போங்க” என்றாள் அவள்.

தை மாதம் அவர்கள் மகளுக்குக் காது குத்தினார்கள். பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். அண்ணனைத் தலைவரிடமிருந்து வாங்கிய குடும்பம் பரங்கி நாட்டில் இருந்ததால், அவர்கள் சார்பில் கப்பலே தெருவழியாக வந்து மணையில் உட்கார்ந்தது. பிள்ளை அதன் மடியில் அழவேயில்லை. பந்தியில் எனக்கு அடுத்த இலை அதற்கு. அது கேட்டு வாங்கிச் சாப்பிடக் கூச்சப்பட்டதால், அதற்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னேன்.