பதினொரு பேரைப் படிப்பித்தவர்

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 9ஆம் திகதி, புதன்கிழமை. விடிந்தது முதல் தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று ஓயாமல் வீசியது. வானில் ஒரு துண்டு மேகமும் இல்லை. பத்து மணிக்கே வெயில் முப்பத்தைந்து பாகையைத் தொட்டிருந்தது.

கல்முனையிலிருந்து வரிப்பத்தான்சேனை நோக்கிச் சென்ற வைத்தியசாலை வாகனத்தின் முன் ஆசனத்தில் உளமருத்துவ நிபுணர் றாஸிக் அமர்ந்திருந்தார். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் புதன்கிழமை அவ்வூரில் நடைபெற்றுவந்த உளநலக் கிளினிக், வைத்தியர் பற்றாக்குறை காரணமாக மறு அறிவித்தல் வரை நிறுத்தப்படுவதாக முதல் நாள் மாலை கடிதம் வந்திருந்தது. இன்றையதே கடைசி. அச்செய்தியை ஊராரின் முகத்தைப் பார்த்துத் தாமே கூறவேண்டும் என அவர் தீர்மானித்திருந்தார்.

"நான் சொல்லட்டா சேர்?" என்று பின் ஆசனத்திலிருந்து வைத்தியர் அஸ்னா கேட்டார்.

"வேணாம். நான் சொல்றன்."

கடந்த ஒன்பது ஆண்டுகளில் றாஸிக்கிடம் உளமருத்துவம் பயின்றவர்கள் பதினொரு பேர். நோயாளியின் நோயை அறியுமுன் அவருடைய நாளை அறிதல் வேண்டும் என்பது அவருடைய பாடத்தின் முதல் விதி. எத்தனை மணிக்கு எழும்புகிறார், யாருடைய வயலில் வேலை செய்கிறார், எந்த நாளில் ஓய்வு என்பதைக் கேட்டறியாமல் வந்து நிற்கும் பயிலுநரை மறுபடியும் நோயாளியிடமே அனுப்பிவிடுவார். அவ்வாறு பயின்றவர்களுள் பத்துப் பேர் இப்போது பேர்த், லீட்ஸ், ஒக்லாந்து என வெளிநாடுகளில் சிதறியிருந்தனர். அங்கிருந்து அவர்கள் எழுதியனுப்பிய கடிதங்களின் பேரிலேயே, மருத்துவப் பயிலுநர்களுக்கு உளமருத்துவம் கற்பிப்பதில் மேன்மை கண்டவருக்கான விருதைக் கொழும்பிலுள்ள நிபுணர் சங்கமொன்று சென்ற மாதம் அவருக்கு வழங்கியது.

பதினோராவது மாணவி அஸ்னா. இரண்டு ஆண்டுகளாக இக்கிளினிக்கைத் தனியே நடத்தியவர் அவரே. எதிர்வரும் சனிக்கிழமை அவருக்கும் வெளிநாட்டுக்கு விமானம். அவருக்கான சிபாரிசுக் கடிதத்தையும் றாஸிக்தான் எழுதிக் கொடுத்தார். ஒரு சொல்லையேனும் குறைத்து எழுத அவருக்குக் கை வரவில்லை.

பள்ளிவாசலுக்கு அருகிலிருந்த பல்தேவைக் கட்டடத்தின் முன் வாகனம் நின்றபோது அவர் திகைத்துப்போனார். வாசலில் பதாகை கட்டப்பட்டிருந்தது. வழக்கமாக நோயாளர்கள் வட்டமாக அமரும் பிளாஸ்டிக் கதிரைகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. விருதுச் செய்தியை ஊர் இளைஞர்கள் முகநூலில் கண்டுவிட்டார்கள். இன்று அவரும் வருகிறார் என்று முதல் நாள் இரவே ஊருக்குத் தகவல் போயிருந்தது. பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர் அச்சிமுகம்மது, மடித்த பொன்னாடையைக் கையில் ஏந்தியபடி படியிறங்கி வந்தார்.

"இந்த வெக்கையில பொன்னாட போடப் போறாங்க. விருதா தண்டனையா சேர்?" என்று தாதிய உத்தியோகத்தர் கிசோக் காதோடு கேட்டார்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடலாம் என்று றாஸிக் வாயெடுத்தார். அதற்குள் பொன்னாடை தோளில் விழுந்துவிட்டது.

"நம்மட டொக்டர் படிப்பிச்ச ஆக்கள் இல்லாத நாடில்ல," என்று அச்சிமுகம்மது தொடங்கினார். "லண்டனுக்குப் போனாலும் அவர்ர மாணவர், ஒஸ்ரேலியாவுக்குப் போனாலும் அவர்ர மாணவர். ஆனா வரிப்பத்தான்சேனைக்கு மட்டும் இன்டைக்கு அவரே வந்திரிக்கார். நாம குடுத்துவெச்ச ஆக்கள்."

சபை கைதட்டியது. றாஸிக் எழுந்தார்.

"அடுத்த மாசம் கிளினிக் இல்ல. அஸ்னா டொக்டர் சனிக்கிழம போறாங்க. அவங்கட இடத்துக்கு ஆளில்ல. இனி வார்ட்டுல நான் ஒராள்தான். அத உட்டுப்போட்டு வர எனக்கு ஏலாது."

தூரத்து வயலில் ஓடிய வெட்டு மெசினின் இரைச்சல் அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது.

"ஆளில்லாட்டி என்ன சேர், புதுசா ஒராளப் படிப்பிச்சு எடுங்களன்," என்றார் அச்சிமுகம்மது. "அதுக்குத்தானே ஒங்களுக்கு விருது தந்திரிக்காங்க." அவர் குரலில் குத்தலேதும் இல்லை. மெய்யாகவே நம்பித்தான் சொன்னார்.

"படிப்பிக்கிறத்துக்கு ஆள் வரணுமே, தலைவர். நாலு தரம் கேட்டு எழுதிட்டன்."

"வந்தா?"

"வந்தா ரெண்டு வருசத்தில படிப்பிச்சிருவன்."

"மறுகா? அதுக்குப் பிறகு?"

றாஸிக் அஸ்னா இருந்த பக்கம் பார்த்தார். பொன்னாடைக்குள் முதுகு நனைந்து சட்டை ஒட்டியது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஆயிஷா உம்மா எழுந்து அஸ்னாவின் அருகில் வந்தார். அவருடைய மகன் றுமைஸ், இருபத்தெட்டு வயது, வயல் வேலை செய்பவன். மாதம் ஓர் ஊசி அவனை நிலைநிறுத்தி வைத்திருந்தது. சென்ற ஆண்டு எரிபொருள் இல்லாமல் கிளினிக் இரண்டு மாதம் நடைபெறாதபோது, அவன் இரவு பகலாக வாய்க்கால் கரையில் அலைந்தான். ஈற்றில் தாயே அவனை வீட்டுத் தூணில் கயிற்றால் கட்டினார். இரண்டு பஸ் மாறிக் கல்முனைக்கு வரவும் அவனால் முடியாது. பயணிகள் அனைவரும் தன்னைப் பற்றியே கதைக்கிறார்கள் என்று பாதி வழியில் குதித்துவிடுவான். கிளினிக் நாளில் அவனுக்குத் தண்ணீர் முறை வந்துவிடாமல், வாய்க்கால் நீரைப் பங்கிடும் வட்டவிதானையிடம் நேரில் சென்று முறையை மாற்றிக்கொடுத்தவர் அஸ்னா.

"புள்ள, ஒரு ஆறு மாசம் நிக்க ஏலாதா?" என்று ஆயிஷா உம்மா கேட்டார்.

றாஸிக் தலையைக் குனிந்துகொண்டார். தாம் கேட்கக் கூடாதென்று மூன்று மாதங்களாக அடக்கிவைத்திருந்த கேள்வி அது. அஸ்னா என்ன சொல்வார் என்று கேட்க அவருடைய செவி மட்டும் விழித்திருந்தது.

"என்ட மகனும் அவன்ட வாப்பாவும் அங்க போய் எட்டு மாசம், உம்மா. மகனுக்கு மூணு வயசு. இப்ப போன்ல என்னக் கண்டா ஓடி ஒளிக்கான்."

ஆயிஷா உம்மா அவருடைய கையைப் பிடித்தார்.

"அப்ப போகத்தான் வேணும்," என்றார். "பெத்த புள்ளய உட்டுப்போட்டு எங்கட புள்ளயப் பாக்கச் சொல்லி நான் எந்த வாயால கேக்க?"

அதன்பின் வழமையான வேலை ஆரம்பமாயிற்று. முப்பத்தெட்டுப் பேருக்கு அஸ்னா இடமாற்றக் கடிதம் எழுதினார். எத்தனை பேர் அதைக் கொண்டு கல்முனைக்கு வருவார்கள் என்று றாஸிக் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். பத்தைத் தாண்டவில்லை.

கடைசியாக றுமைஸ் வந்தான். கிசோக் திரைக்குப் பின்னால் அவனுடைய இடுப்பில் ஊசியைப் போட்டார். அவன் சாரத்தைச் சரிசெய்யாமல் அப்படியே நின்றான்.

"சேர், அடுத்த மாசத்தயும் சேத்து இன்டைக்கே போட்டுடுங்க. இந்தப் பக்கம் சும்மாதானே கிடக்கு."

கிசோக் சிரிக்க முயன்று றாஸிக்கைப் பார்த்தார். அஸ்னாவும் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். பதினொரு பேருக்கு இவ்வாறான வேளையில் என்ன சொல்ல வேண்டுமென்று அவர் படிப்பித்திருந்தார்.

"ஏலாது மனே. ஒடம்பு தாங்காது."

"அப்ப பாதி?"

"பாதியும் ஏலாது."

"எனக்குத் தெரியும் சேர், இது போடாட்டி நான் என்ன மாதிரி ஆவன்டு. உம்மாக்கு இப்ப கயிறு இறுக்கக் கையில பெலனில்ல."

றாஸிக் அவனுடைய தோளில் கைவைத்தார். வேறொன்றும் செய்வதற்கு இருக்கவில்லை. றுமைஸ் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தாயை முன்னே விட்டு, வெயிலில் இறங்கி நடந்தான்.

கிசோக் குளிர்பெட்டியை வாகனத்தில் ஏற்றினார். அச்சிமுகம்மது யன்னல்களைச் சாத்திவிட்டுக் கதவைப் பூட்டினார். அப்போது நேரம் பிற்பகல் ஒரு மணி நாற்பத்தேழு நிமிடம்.