பதினான்கு வீட்டுத் தண்ணீர்

அந்தத் தெருவுக்குக் குடிநீர் வந்து ஒன்பது நாளாகியிருந்தது. அன்று பிற்பகல் திறந்துவிடுவதாக வால்வுக்காரர் சொல்லியிருந்ததால், பதினான்கு வீட்டுக்காரர்களும் குடங்களைக் கழுவி வைத்துவிட்டுக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தெருவின் முதல் வீட்டில் சௌந்தரராஜன் தம் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது ரோஜாச் செடிகளும் வாடாமல் நின்றன. எதிர்வீட்டில் துளசிகூடக் காய்ந்துவிட்ட கோடையில் அந்தப் பச்சை சில நாட்களாக அவர் கண்ணை உறுத்தியது.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் கருவியை வடிவமைத்தவன் அவர் மகன் சரத். பெங்களூர் நிறுவனமொன்றில் அவனுக்கு அதுவே வேலை. மண்ணில் செருகிய சென்சார் ஈரம் குறைந்ததென்று சொன்னால் வால்வு திறக்கும். மழை நாளில் திறக்காது. நடப்பதெல்லாம் அப்பாவின் செல்போனுக்குச் செய்தியாக வரும். தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஃபோர்மேனாக ஓய்வுபெற்றவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். அந்தக் கருவியின் தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் மகனைக் கேட்டதில்லை. போன மாதம் தெருக்குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சரத் பள்ளம் தோண்டி எதையோ புதைத்தபோதும் கேட்கவில்லை.

மூன்று மணிக்குக் கடைசி வீட்டு ரத்தினம்மா நாலைந்து பேருடன் வந்தாள். அவள் மருமகளுக்குக் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"போன ரெண்டு தபாவும் எங்க கொழாய்ல காத்துதான் வந்துச்சு சார். யாரோ லைன்ல மோட்டர் போட்டு இழுக்கறாங்க. பச்சக் கொழந்தைய வெச்சினு நான் இன்னா பண்ணட்டும்?"

வீடு வீடாகப் பார்க்கப் போவதாகவும், அவர் முன்னால் வந்தால் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள் என்றும் சொன்னார்கள். அவர் வீட்டைப் பார்க்கவேண்டியதில்லையாம். அது கௌரவமான குடும்பமாம்.

அவர்களை இருக்கச் சொல்லிவிட்டுச் சௌந்தரராஜன் உள்ளே போனார். அன்று வீட்டிலிருந்தே வேலை பார்த்த சரத்திடம், பள்ளத்தில் புதைத்தது என்னவென்று தணிந்த குரலில் கேட்டார். அவன் கூச்சமில்லாமல் விளக்கினான். தெருக்குழாயில் அழுத்தம் ஏறியதும் இரண்டே நொடியில் மோட்டார் ஓடும். தொட்டி நிரம்பினால் நிற்கும்.

"சத்தமே வராதுப்பா, கீழ புதைச்சிட்டேன். எல்லாருந்தான் பண்றாங்க. நம்மது கொஞ்சம் ஸ்மார்ட், அவ்ளோதான். மீட்டிங் முடிச்சிட்டு வேணும்னா ப்ரோக்ராம மாத்தறேன்."

இன்று ஒரு நாள் தப்பித்துவிட்டால் போதும் என்று நினைத்துச் சௌந்தரராஜன் வெளியே வந்து கூட்டத்தோடு நடந்தார்.

ஐந்தாவது வீட்டில் ஏனோக்கின் கொல்லையில் ஒரு மோட்டார் இருந்தது. மாடித் தொட்டிக்கு ஏற்றுவதற்கு என்று அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

"வாட்ச்மேன் வேலைக்குப் போறவனாச்சே நீ," என்றாள் ரத்தினம்மா. "ஊர்ச் சொத்த நல்லாதான் காக்கற."

ஏனோக் முகம் வெளுத்து சௌந்தரராஜனைப் பார்த்தான். "சார், நீங்களாவது சொல்லுங்க."

அந்த நேரம் அவர் சட்டைப் பையில் செல்போன் ஒலித்தது. 'தெருக்குழாயில் தண்ணீர். தொட்டி நிரம்புகிறது.' ஏனோக்கின் குழாய் நாலு சொட்டுச் சிந்திவிட்டுச் சீறியது. உண்மை தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான். வாயைத் திறக்காவிட்டால் குடும்ப மானம் நிற்கும், ஏனோக் திருடனாவான்.

"ஏனோக் மேல தப்பில்ல," என்றார். "என் வீட்டு மோட்டர்தான் இழுக்குது. இப்பவும் இழுத்துட்டிருக்கு. வாங்க, காட்டறேன்."

வீட்டுக்குப் போய் மெயின் ஸ்விட்சை இறக்கினார். சற்று நேரத்தில் தெருக் குழாய்களில் தண்ணீர் கொட்டியது. ரத்தினம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். தண்ணீர் பிடிக்கத் தன் வீட்டை நோக்கி ஓடினாள்.

மின்சாரம் போனதால் வெளியே வந்த சரத், வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் அப்பாவின் கையைப் பிடித்தான். "மானத்த வாங்கிட்டீங்களேப்பா."

"மானம் போய் ஒரு மாசமாச்சுடா. எனக்கு இன்னிக்குத்தான் ஒத்துக்க தைரியம் வந்துச்சு." எல்லோருக்கும் கேட்கும்படியே அவர் சொன்னார். "செடி காஞ்சா உன் மெஷினுக்குத் தெரியுது. அடுத்த வீடு காஞ்சா நமக்குத்தான்டா தெரியணும். பொதுக் கொழாய்ல மோட்டர் வெக்கிறது திருட்டு. தெரிஞ்சும் கேக்காம இருந்த நானும் திருடன்தான்."