பெல் அடிப்பவள்

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் மாடிப்படிக்குக் கீழே சைக்கிள் நிற்பது தெரியும். அன்று காலை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது இவர் அதன் பக்கத்தில் போய் நின்றார். ஒரு கை சீட்டின் மேல், ஒரு கை ஹேண்டில்பாரில். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு ஊன்றுகோலைக் கீழே வைத்தே கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. காலைத் தூக்கினார். சீட் உயரத்துக்குக்கூட வரவில்லை, இறக்கிவிட்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இன்னொரு தடவை தூக்கினார். பிறகு பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து, சைக்கிளைத் துடைக்கத்தான் வந்தேன் என்பது மாதிரி ஹேண்டில்பாரைத் துடைக்க ஆரம்பித்தார். நான் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டேன். நான் பார்க்கவில்லை என்றே நினைத்துக்கொள்ளட்டும். மனுஷனுக்கு ரோஷம் ஜாஸ்தி.

அன்றிலிருந்து நாற்காலிதான். காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பார், சாப்பிட்டுவிட்டு மறுபடி அதே இடம். டிவி ஓடும், பார்க்க மாட்டார். யாராவது வந்தால் "வாங்க" என்பார், அதற்கு மேல் பேச்சில்லை. டாக்டர் என்னவோ நல்ல மாதிரிதான் சொன்னார். நடக்கலாம், சைக்கிள்கூட ஓட்டலாம், ஆனால் காலை அகலமாகத் தூக்கிப் போடக் கூடாது. அந்த "ஆனால்" ஒன்று போதாதா? குறுக்கே பார் வைத்த சைக்கிளில் காலைத் தூக்கிப் போடாமல் எப்படி ஏறுவது? இந்த மனுஷன் இப்படியே நாற்காலியோடு நாற்காலியாகிவிடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வெளியே சொல்லவில்லை. சத்தம் போட்டுப் பாத்திரம் வைத்தேன், அவ்வளவுதான்.

அந்த சைக்கிளின் கதையைச் சொன்னால் எங்கள் கதையைச் சொன்ன மாதிரி. நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்த்தவர்கள். இவர் பெரிய மெஷின்களில், நான் இஸ்திரி மேஜையில். ஒரே ஷிப்ட், ஒரே சைக்கிள். பின்னால் கேரியரில் நான் வீட்டில் வைத்துத் தைத்துக்கொடுக்கும் கிழிந்த படுக்கை விரிப்புகளின் மூட்டை ஏறிவிடும், அதனால் எனக்கு முன்னால் பார்தான். கல்யாணத்துக்கு முன்னாலேயே அதில் ஏறி உட்கார்ந்தவள் என்று என் அக்கா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். உட்கார்ந்தேன்தான், அதற்கென்ன இப்போது? இடுப்பில் இரும்பு குத்தக் கூடாதென்று பழைய துண்டொன்றைப் பாரில் சுற்றி, சணல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். அந்த அக்கறைக்கு உட்காராமல் இருக்க முடியுமா?

பெல் என் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. முதல் நாளே அடித்துவிட்டேன். திட்டப்போகிறாரோ என்று பார்த்தால், "அந்த டிபார்ட்மெண்ட் இனிமே உன்னோடது" என்றார். அன்றிலிருந்து மிதிப்பதும் திருப்புவதும் அவர் பாடு, பெல் என் பாடு. தெருவிளக்கு அணையாத காலையில் கிளம்புவோம். நாய்க்கு ஒரு தட்டு, ஆளுக்கு இரண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாகப் போனால் விடாமல் அடிப்பேன். அவர் சட்டையில் எவ்வளவு துவைத்தாலும் போகாத சோப்பு வாசனை. இறக்கத்தில் பெடலை நிறுத்திவிட்டு என் காதுக்குள் ஏதாவது பாட்டை முனகுவார். நான் முதுகை அவர் மேல் சாய்த்துக்கொள்வேன். சுகமான காலம் அது. அப்போது தெரியவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மார்க்கெட்டுக்கு அப்படித்தான் போனோம். "இந்த வயசுல இது தேவையா உங்க ரெண்டு பேருக்கும்?" என்று மகள் தலையில் அடித்துக்கொள்வாள். ஒரு விஷயம். தனியாக எங்காவது போவதென்றால் இவர் சைக்கிளைத் தொட மாட்டார், நடந்தேதான் போவார். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மகள்தான் எலக்ட்ரிக் சைக்கிள் பேச்சை எடுத்தாள். நடுவில் பாரே இல்லாமல், காலை லேசாக எடுத்து வைத்து உள்ளே நுழைந்துகொள்கிற மாதிரி இருக்குமாம். மிதித்தால் மோட்டாரும் கூடச் சேர்ந்து மிதிக்குமாம். இரண்டு கம்பெனி வண்டிகளின் படத்தை அனுப்பினாள். ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை.

படத்தைப் பார்த்ததும் இவர், "லேடீஸ் சைக்கிளா?" என்றார்.

"அப்படியெல்லாம் இப்ப யாரும் சொல்றதில்லப்பா. எல்லாரும் ஓட்டறாங்க" என்றாள் போனில்.

"எல்லாரும் ஓட்டட்டும்."

எனக்கு வந்ததே கோபம். "சரி விடு. அந்த நாற்காலிக்கு ரெண்டு பெடல் வச்சுத் தர முடியுமான்னு கேளு. எழுந்திருக்கற வேலையும் மிச்சம்" என்றேன். இவர் சிரித்துவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டேன். மறுநாள் காலையில் குளித்து, முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றார். "சும்மா பாத்துட்டு வரலாம். வாங்கறதா இல்ல" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

இரண்டு கடைகளும் ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இருந்தன. முதலில் பச்சைக் கடை. மகளின் ஓட்டு அதற்குத்தான். கடைக்காரர் வாய் ஓயாத மனுஷர். "மோட்டார் பெடலுக்கு நடுவுல சார். எதிர்க்கடை வண்டியில பின்சக்கரத்துல வச்சிருப்பான், பின்னாலேர்ந்து யாரோ தள்ளிவிடற மாதிரி இருக்கும். இதுல நீங்க மிதிக்கறதே உங்களுக்குத் தெரியாது."

"தெரியாம எதுக்குங்க மிதிக்கணும்?" என்றார் இவர்.

மனுஷர் ஒரு நொடி திணறிவிட்டு பேட்டரிக்குத் தாவினார். வண்டி என்னவோ அழகுதான். ஒல்லியாக, பேட்டரி எங்கே இருக்கிறதென்றே தெரியாமல், தண்டுக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். "பின்னாடி ஆள் உக்காரலாமா?" என்று கேட்டேன். "ஐயோ, இது பை வைக்கற கேரியர்மா" என்றார். இவர் காதில் அது விழுந்ததா தெரியவில்லை, பிரேக்கை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். இவர் காலை எடுத்து அந்தத் தாழ்வான இடைவெளிக்குள் வைத்தார். அவ்வளவுதான், ஏறியாகிவிட்டது. நம்பாமல் கீழே குனிந்து தன் காலையே ஒரு தடவை பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். மிதித்ததும் வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. முதுகு நிமிர்ந்து, கழுத்து நேராகி, பழைய ஆளாகப் போனார். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அழுதுவிடுவேன் போலிருந்தது.

சந்தின் கோடியில் திரும்பி வரும்போதுதான் அது நடந்தது. ஒரு கிடங்கிலிருந்து அட்டைப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஒருவர் பின்பக்கமாக நடந்து வெளியே வந்தார். இவர் நேராக அவரை நோக்கி வந்துகொண்டிருந்தார். பெல் அடிக்கவில்லை. வேகமும் குறையவில்லை. என் கட்டைவிரல் கைப்பையின் கொக்கியை அமுக்கிக்கொண்டிருந்தது, ஒரு தடவை இல்லை, விடாமல். "ஏங்க!" என்று கத்தினேன். கடைசி நேரத்தில் பிரேக்கை இழுத்து, காலை ஊன்றி நின்றார். பெட்டிகள் சரிந்து சந்தெங்கும் உருண்டன.

"பெல் எதுக்குய்யா வச்சிருக்கு?" என்று பெட்டிக்காரர் கத்தினார்.

இவர் அவரைப் பார்க்கவில்லை. தூரத்தில் நிற்கும் என்னைப் பார்த்து, நிஜமாகவே ஒன்றும் புரியாத முகத்தோடு, "நீ ஏன் அடிக்கல?" என்று கேட்டார்.

கடைக்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இவருக்கே மெதுவாகத்தான் உறைத்தது. முகம் செத்துவிட்டது. இறங்கினார், வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார், பெட்டிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டார், கடைக்காரரிடம் சாவியைக் கொடுத்தார். "வா, வீட்டுக்குப் போலாம்" என்றார்.

வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாற்காலி காத்துக்கொண்டிருக்கிறது. இன்று உட்கார்ந்தால் இனி எழுந்திருக்க மாட்டார். கையைப் பிடித்து இழுக்காத குறையாக எதிர்க்கடைக்குக் கூட்டிப்போனேன். "எனக்குக் கால் வலிக்குது, கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்" என்றேன். பொய்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

வெள்ளை வண்டி ஒன்றும் பார்க்கிற மாதிரி இல்லை. தடித்த தண்டு, பின்னால் மூட்டை மாதிரி பேட்டரி, அதற்கு மேல் நீளமாக ஒரு மெத்தை. மெத்தைக்கு முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, கால் வைக்க இரண்டு பக்கமும் கட்டை. "எடை ஜாஸ்திதாம்மா. மாடிக்கெல்லாம் தூக்க முடியாது. ஆனா பின்னாடி ஒரு பெரிய ஆள் தாராளமா உக்காரலாம்" என்றாள் கடைப்பெண். கூட்டிச் சொல்லாமல் குறைத்துச் சொன்னதில் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"நான் பெரிய ஆளுதான்" என்று சொல்லி ஏறி உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் கேட்டேன், "இந்தக் கம்பியில ஒரு பெல் மாட்டித் தருவியாம்மா?"

"பெல் முன்னாடி இருக்கே, ஹேண்டில்பார்ல."

"அது அவருக்கு. எனக்கு ஒண்ணு வேணும்."

அவள் சிரித்தாள். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். இழுப்பறையைத் துழாவி ஒரு பெல்லை எடுத்து, திருகாணி வைத்து முடுக்கிக் கொடுத்தாள். இவர் இதையெல்லாம் கடை வாசலில் நின்றபடி, தனக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறப்போறீங்களா, இல்ல நானே ஓட்டிட்டுப் போகட்டுமா?"

"உனக்கு ஓட்டத் தெரியாது."

"அதனாலதான் கேக்கறேன்."

வந்தார். காலை உள்ளே வைத்தார். கிளம்பும்போது வண்டி ஒரு ஆட்டம் ஆடியது, அப்புறம் பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்ட மாதிரி நகர்ந்தது. பச்சைக் கடைக்காரர் சொன்னது சரிதான், ஆனால் எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது. இந்தக் கடைக்குப் பக்கத்தில் போன தெரு அகலமானது, இரண்டு பக்கமும் மரங்கள். கைப்பைக்குள் போன் அடித்தது. மகளாகத்தான் இருக்கும். எடுக்கவில்லை.

யாரோ எங்களை ஒட்டி நகர்வது தெரிந்து அவசரமாகப் பெல்லை அடித்தேன். குழந்தையைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போன பெண். நாங்கள் அவளைத் தாண்டியே வந்துவிட்டோம்.

"லேட்டு" என்றார் இவர்.

"நான் என்ன பண்ண? உங்க முதுகுதான் மறைக்குது. முன்னாடி எனக்கு ஒண்ணுமே தெரியல."

"எனக்கு மட்டும் என்ன தெரிஞ்சுது? இத்தனை வருஷமும் உன் கொண்டையதான பாத்துக்கிட்டு ஓட்டினேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப எப்படித்தான் ஓட்டினீங்க?"

"நீ பெல் அடிச்சா யாரோ இருக்காங்க. அடிக்கலன்னா ரோடு காலி. அவ்ளோதான்."

அந்த விடியற்காலைகள் எல்லாம் ஒரே சமயத்தில் கண்முன் வந்தன. லாரி போகும் பாதை, பாலத்துத் திருப்பம், பனிமூட்டம். தையல் வேலையில் ராத்திரி கண்விழித்துவிட்டு நான் அந்த பாரில் உட்கார்ந்திருந்த நாட்கள். "அடப்பாவி மனுஷா! சில நாள் நான் தூங்கிக்கிட்டே வந்திருக்கேனே!"

"தெரியும். தலை ஆடும். அன்னைக்கெல்லாம் மெதுவா ஓட்டுவேன்."

வேலைக்குத் தாமதமாக வந்ததற்காக சூப்பர்வைசர் இவரைத் திட்டிய நாட்கள் ஞாபகம் வந்தன. ஒருநாளும் இவர் காரணம் சொன்னதில்லை. இப்போது என் கண்முன்னே அவர் சட்டைக் காலரும், அதில் நானே போட்ட தையலும் மட்டும் தெரிந்தன. தெரு எங்கே திரும்புகிறது, எதிரே யார் வருகிறார்கள், எதுவும் தெரியவில்லை. அப்போது முன்னாலிருந்து ஒரு பெல் சத்தம் கேட்டது. பாதியில் தடுக்கி, பழக்கமே இல்லாத விரல் அடித்த சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று, இந்தத் தடவை முழுதாக.

என் பெல்லின் மேல் விரலை வைத்தபடியே கன்னத்தை அவர் முதுகில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டியின் வேகம் குறைந்தது.