மெஷின் பொய் சொல்லாது

அந்த வாக்கியத்தைக் கேட்டாலே லொரேனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மெஷின் பொய் சொல்லாது." புருஷன் நைஜல் அதை முதலில் அடுப்படியில் சொன்னான். பிறகு பப்பில், வயல்களில் புதைந்த பழங்காசு தேடும் மெட்டல் டிடெக்டர் சங்கத்து ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னான். மெஷின் பொய் சொல்லாது என்றால் பொய் சொன்னது யார்? மிச்சம் இருப்பவள் பெண்டாட்டிதானே. அதைப் புரிந்துகொள்ள அங்கே யாருக்கும் கஷ்டமாக இல்லை. சங்கத்து மால்கம் பீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

நடந்தது இதுதான். லொரேனின் அண்ணனை அடக்கம் செய்த அன்று காலை, "சீக்கிரம் வந்துடறேன்" என்று மெஷினோடு விவசாயி ஹம்ப்ரியின் வயலுக்குப் போன நைஜல் வரவேயில்லை. கறுப்பு உடையோடு அவளே காரை ஓட்டிக்கொண்டு போய், கோதுமை அறுத்த தாள் காலில் குத்தக் குத்த நடந்து, அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டாள். காதில் மெஷினின் ஹெட்போன். யாரோ வந்திருப்பது மட்டும் தெரிந்து, திரும்பாமலே ஒரு கையைத் தூக்கினான். இரு, இன்னும் ஒரே ஒரு சத்தம் என்று அர்த்தம். அந்தக் கையை அவள் வருஷக்கணக்காகப் பார்த்துவிட்டாள். மோதிரத்தைக் கழற்றினாள். "தங்கம்தானே வேணும் உனக்கு? இந்தா" என்று வேலியோரமாக வீசினாள். போய்க் காரில் ஏறினாள். அண்ணனை ஒற்றை ஆளாக நின்று அனுப்பி வைத்தாள்.

நைஜல் எதையும் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. மறுநாள் அவள் காட்டிய மூலையைக் குறுக்கும் நெடுக்குமாக அலசினான். ஒரு செப்புக் காசும் ஒரு பித்தளைப் பொத்தானும் கிடைத்தன. மோதிரம் கிடைக்கவில்லை.

"நீ வீசியிருந்தா நான் எடுத்திருப்பேன், கண்ணு. பாத்திரம் கழுவறப்ப எங்கயாவது விட்டிருப்ப. ஒத்துக்கிட்டா என்ன?"

அவன் அடக்கத்துக்கு வராதது அத்தோடு அமுங்கிப்போனது. அவள் பொய் சொல்கிறாள் என்பதே ஊர்ப்பேச்சு ஆனது. திருடியவனை விட்டுவிட்டுக் கத்தியவளைப் பிடித்த கதை. அவளுக்குத் தூக்கம் போனது அதனால்தான், மோதிரத்தால் அல்ல.

திங்கட்கிழமை ஹம்ப்ரி அந்த வயலை உழப்போகிறார், உழுதால் மோதிரம் மண்ணோடு போய்விடும் என்று தெரிந்ததும், லொரேன் நாரிச்சில் இருக்கும் டிடெக்டர் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் டெரிக் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "வீட்டுக்காரருக்குப் பரிசா, மேடம்?"

"எனக்கு."

"ஓ" என்றார். அந்த 'ஓ'வுக்கே ஒரு அறை கொடுக்கலாம் போலிருந்தது. பழைய கார் ஒன்றே வாங்கிவிடலாம், அவ்வளவு விலைக்கு ஒன்றை எடுத்து நீட்டினார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டியதும், அதில் பாதி விலைக்கு இன்னொன்று. திரை, பொத்தான்கள், கம்பியில்லா ஹெட்போன்.

"இதுலயும் அதே வசதி இருக்கு மேடம். குப்பைக்குச் சத்தம் போடாது. பீர் கேனைத் திறக்கறப்ப பிய்ச்சுப் போடற வளையம் இருக்கே, வயல் பூரா அதுதான். இங்க ஒரு அமுக்கு அமுக்கினா அதுக்கு மட்டும் வாயை மூடிக்கும். நைஜலுக்கும் நான்தான் செட் பண்ணிக் குடுத்தேன். குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சுன்னாரு, பாவம்."

"அது கேன் வளையம்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் வரும்."

"மெல்லிசா ஒரு தங்க மோதிரம். அதுக்கு என்ன நம்பர்?"

டெரிக் தொண்டையைச் செருமினார். "ரொம்ப மெல்லிசுன்னா... கிட்டத்தட்ட அதே நம்பர்தான்."

"அப்ப மோதிரத்துக்கும் வாயை மூடிக்கும்."

"சில மோதிரத்துக்கு. இது எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் மேடம். தெரிஞ்சேதான் வைக்கறாங்க. நூறு வளையம் தோண்டினா ஒரு மோதிரம். யாருக்குப் பொறுமை இருக்கு?"

லொரேனுக்கு முகம் சூடாகிவிட்டது. நைஜலுக்கும் தெரியும். தெரிந்தே அவளைப் பொய்க்காரி ஆக்கியிருக்கிறான், இல்லையென்றால் மறந்தே போய்விட்டிருக்கிறான். இதில் எது கேடு என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"எதுக்கும் வாயை மூடத் தெரியாத மெஷின் இருக்கா?"

டெரிக் சிரித்துக்கொண்டே கீழ்த்தட்டைக் காட்டினார். மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஒன்று கிடந்தது. "அது பசங்களுக்கு. ஆணிக்கும் கத்தும், மிட்டாய்த் தாளுக்கும் கத்தும். ஆழமும் போகாது."

"என் மோதிரம் மேலாப்பலதான் கிடக்கு. கத்தட்டும்."

"ஹெட்போன்?"

"அது எங்க வீட்ல ஏற்கெனவே நிறைய இருக்கு" என்றாள். அறுபது பவுண்டை எண்ணி வைத்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கமே ஹம்ப்ரியின் வயலில் இறங்கியிருந்தது. உழுவதற்கு முன் கடைசி நாள். மஞ்சள் மெஷினோடு அவள் கேட்டைத் திறந்து வந்ததை முதலில் பார்த்தவன் மால்கம்.

"டேய் நைஜல், உங்க வீட்டம்மா வந்திருக்காங்கடா. கையில பொம்மை வேற."

நைஜலுக்குக் காது வரை சிவந்தது. "லொரேன், அந்த மூலையை நான் பார்த்தாச்சு. அங்க ஒண்ணுமில்ல. எதுக்கு மானத்தை வாங்கற?"

"போய் உன் வேலையைப் பாரு."

வேலியோரத்தில் மெஷினை இயக்கியதும் அது கத்த ஆரம்பித்தது. கத்திய இடமெல்லாம் மண்டியிட்டுத் தோண்டினாள். கேன் வளையம். வேட்டைத் தோட்டாவின் பித்தளை அடி. கேன் வளையம். ஆணி. மறுபடி கேன் வளையம். ஒவ்வொன்றையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். முழங்கால் நனைந்தது, இடுப்பு விட்டுப்போனது. ஒவ்வொரு தடவை மெஷின் கத்தியபோதும் வயலின் அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. வரட்டும் என்று தோண்டினாள். கோபம் இருந்ததால்தான் கை ஓய்வில்லாமல் வேலை செய்தது.

டீ குடிக்கிற நேரத்தில், ஒரு கோதுமைத் தாளின் வேரடியில் அது கிடைத்தது. உள்பக்கம் அவர்கள் பெயரின் தேய்ந்த இரண்டு முதலெழுத்துகள். மண்ணைத் துடைத்தாள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. வந்தது இன்னும் கொஞ்சம் கோபம்.

எல்லாரும் வேனுக்குப் பக்கத்தில் நின்று சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள். அவள் போய் நைஜலின் காலடியில் மோதிரத்தைப் போட்டாள்.

"மெஷினை அது மேல ஆட்டு."

"கிடைச்சிடுச்சா? எங்க இருந்துச்சு..."

"ஆட்டு."

ஆட்டினான். விலையுயர்ந்த மெஷின் மூச்சுக் காட்டவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை ஆட்டினான். ஒன்றுமில்லை. மோதிரம் எல்லார் கண்ணுக்கும் முன்னால் மண்ணில் கிடந்தது.

யாரும் சிரிக்கவில்லை. மால்கம் வாயிலிருந்த ரொட்டியை மெல்லாமல் தன் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனசுக்குள் எத்தனை வயல், எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஓடியதோ.

"லொரேன், எனக்கு..." நைஜல் குனிந்து மோதிரத்தை எடுக்கப் போனான். அவள் முந்திக்கொண்டாள்.

"ஹெட்போனைக் கழட்டு."

கழற்றினான்.

"என்னைப் பாரு. நான் என்ன பண்றேன்னு பாரு."

கையை ஓங்கி, மோதிரத்தை வேலியோரமாக வீசினாள். வெயிலில் ஒரு தடவை மின்னிவிட்டுத் தாளுக்குள் விழுந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"இவங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

"பாத்தேன். அவ வீசினா" என்றான் நைஜல். பிறகு மால்கம் பக்கம் திரும்பினான். "அன்னிக்கும் வீசியிருக்கா."

"நாளைக்குக் காலையில டிராக்டர் வருது. தேடு."

லொரேன் காரின் முன்பக்கம் சாய்ந்து, பிளாஸ்க்கைத் திறந்து டீயை ஊற்றிக்கொண்டாள். நைஜல் பொத்தானை எத்தனை தடவை அமுக்கினானோ, கடைசியில் அவன் மெஷினும் மஞ்சள் பொம்மையைப் போலக் கத்த ஆரம்பித்தது. முதல் சத்தத்துக்கே குனிந்து தோண்டி, கிடைத்ததைத் தூக்கிக் காட்டினான். கேன் வளையம்.

"அதில்ல" என்றாள். "தோண்டு."