துருவின் பங்கு

கண்ணாடிக்காரரின் மனைவிக்கு இடது கணுக்காலில் துருப் பிடித்தது ஒரு புதன்கிழமை காலையில். மருந்துக் கடைக்கு வேலைக்குப் போகிறவள், பேருந்திலிருந்து இறங்கிக் காலை ஊன்றியதும், எண்ணெய் காணாத கேட்டைத் திறந்தது போலக் கிறீச்சென்று ஒரு சத்தம். நடத்துனர் பேருந்தின் கதவைத்தான் முறைத்துப் பார்த்தார். அவள் செருப்பைக் கழற்றிப் பார்த்தாள். மூட்டின் மேல் ஒரு காசு அளவுக்குச் செம்பழுப்பாகப் பொரிந்திருந்தது. தேய்த்தால் விரலில் பொடி ஒட்டியது. மருத்துவர் முதல் முறை படை என்றார், இரண்டாம் முறை ஒவ்வாமை என்றார், மூன்றாம் முறை மேசை மேலிருந்த குண்டூசிக் காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். ஒட்டிக்கொண்டது. "வயசானா இப்படி வர்றதுண்டும்மா" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. இதைக் கேட்டு நீங்கள் யாரும் இப்போதே மனம் வாட வேண்டாம், கண்ணுகளா. கடைசியில் அவள் நடக்கத்தான் போகிறாள். ஆனால் நடுவில் இருப்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தத் துரு எங்கிருந்து வந்தது என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. அது வீட்டு ஷெட்டில் நின்ற இத்தாலிக் காரிலிருந்து வந்தது. நான்கு கதவு, பாட்டில் பச்சை நிறம், தோல் இருக்கை. மகள் பிறந்த வருடம் ஒரு பொறியாளரின் விதவையிடமிருந்து வாங்கியது. "எடுத்துட்டுப் போனா போதும் தம்பி" என்று அந்த அம்மாள் சாவியைக் கையில் வைத்துவிட்டு, வண்டி தெருமுனை திரும்பும் முன்பே கேட்டைப் பூட்டிவிட்டார். அதன் குணம் அப்படி. ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஓடும். பின்பக்க ஜன்னல் கண்ணாடி நினைத்தால் கதவுக்குள் விழுந்துவிடும், பிறகு கெஞ்சினாலும் மேலே வராது. எஞ்சினுக்குள் பல் வைத்த பெல்ட் ஒன்று உண்டு, அது அறுந்தால் எஞ்சினே போச்சு. அதை மாற்ற வேண்டிய தேதி கண்ணாடிக்காரருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். மகள் எந்த வகுப்புப் படிக்கிறாள் என்று கேட்டால் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். மழையில் நனைந்து வந்தால் மனைவியின் தலை உலர்த்தும் கருவியை எடுத்துக் கதவு இடுக்குகளை உலர்த்துவார். அவள் ஈரத் தலையோடு வேலைக்குப் போவாள். அவருக்குச் சின்ன வீடு கிடையாது, சின்ன ஷெட்டுதான் என்று தெருவில் சொல்லிச் சிரித்தார்கள். "என்னடி, உன் சக்களத்தி இன்னிக்கும் கிளம்பலையா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டால், "அவளுக்கென்ன, உக்காந்து போறா. தள்ளுறது நானும் எம் பொண்ணும்தானே" என்பாள் அவள்.

அந்தக் காலத்து இத்தாலிக் கார்களுக்குத் துரு என்பது கூடவே பிறந்தது. மழை என்று வாயால் சொன்னாலே கதவின் அடி பொரியும். அதையெல்லாம் வெட்டி, தட்டி, ஒட்டுப் போட்டுத் தந்தவர் ஒரு டிங்கர்காரர். வேலையில் சுத்தம், வாயில் ஓயாத பேச்சு. அவர் கையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வண்டியை முடித்தாலும் யார் கண்ணிலும் படாத ஓர் இடத்தில், ஒரு காசு அளவுக்குத் துருவைச் சுரண்டாமல் விட்டுவிடுவார். இந்த வண்டியில் அது டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் கண்ணாடிக்காரர் பிறத்தியார் கண்ணுக்குள் லென்ஸ் வைத்துப் பார்த்தே வாழ்கிறவர். தன் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து காரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார், கண்டுபிடித்துவிட்டார். "என்னய்யா வேலை இது?" என்று பட்டறைக்குப் போய்ச் சத்தம் போட்டார். டிங்கர்காரர் நிதானமாகத்தான் சொன்னார்: "மொத்தமா விரட்டக் கூடாது சார். துருவுக்கும் ஒரு இடம் வேணுமில்ல? அது பங்கை விட்டுட்டா அது பாட்டுக்கு அங்கயே கிடக்கும்." வேலை தெரியாதவன் சொல்லும் சாக்கு என்று கண்ணாடிக்காரர் திரும்பி வந்து, உப்புத்தாள் போட்டுத் தானே தேய்த்தார். அடியில் வெள்ளித் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, சிவப்பு பிரைமர் அடித்து, மேலே ஆறு பூச்சு பச்சை அடித்தார். அது செவ்வாய்க்கிழமை. மறுநாள்தான் அவள் பேருந்திலிருந்து இறங்கினாள்.

அதற்குப் பிறகு காரில் எங்கே பொரிந்தாலும் அவர் டிங்கர்காரரைக் கூப்பிடவில்லை, தானே சுரண்டினார். முன்கதவின் அடியைச் சுரண்டிய மறுநாள் அவளுக்கு இடுப்பு பிடித்தது. பானட் ஓரத்தைச் சுரண்டிய வாரம் தோள்பட்டை. இரண்டு மாதத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் பதினொரு வயது மகளுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. புரியாமல் செய்தார் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அப்படி இல்லை. அவர் சொன்னதெல்லாம், "வர்ற மாசம் பழைய வண்டிக் கண்காட்சி இருக்கு. அது மட்டும் முடியட்டும்" என்பதுதான். அவள் சரி என்றாள். ஏன் சரி என்றாய் என்று பக்கத்து வீட்டுக்காரி திட்டியதற்கு, "நான் சொல்லி நிறுத்துனா என்ன பெருமை? அவரா நிறுத்துறாரான்னு பாக்குறேன்" என்றாள். இதுதான் அவள் செய்த தப்பு. கண்காட்சி வருடா வருடம் வந்தது.

மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிக் கொடுப்பவள் அவள். வெள்ளை மாத்திரைகளின் மேல் செம்பொடி உதிர்ந்ததால் கடைக்காரர் மிகுந்த மரியாதையோடு வேலையை விட்டு அனுப்பினார். வீட்டில் கண்ணாடிக்காரர் அவளுடைய மூட்டுகளுக்குத் தினமும் எண்ணெய் விட்டார், கதவுக் கீலுக்கு விடும் அதே எண்ணெய், நீண்ட மூக்குள்ள அதே குப்பி. வழிந்ததைப் பழந்துணியால் ஒற்றி எடுப்பார். அத்தனை மென்மையாக அவர் அவளைத் தொட்டது அதற்கு முன் கிடையாது. முதல் வருடம் அதை அவள் அன்பு என்றே நினைத்துக்கொண்டாள். பிறகு ஒருநாள் அவர் அதே முகத்தோடு காரின் கீல்களை ஒற்றி எடுப்பதைப் பார்த்தாள், நினைப்பதை விட்டுவிட்டாள்.

ஆறாம் வருடம் அவள் நின்ற இடத்தில் நின்றுபோனாள். கடைசியாக இறுகியது தாடை. தரையில் அவள் பாதத்தைச் சுற்றிச் செங்கறை படிந்தது. துடைத்தும் போகாததால் அவர் அவளை ஷெட்டுக்கு மாற்றினார். மகள் கத்தினாள். "சாரல் படாத இடம்மா அது, அம்மாவுக்கு நல்லதுதான்" என்றார். ஒரு மூலையில் காரும் எதிர் மூலையில் அவளும் நின்றார்கள். காருக்குப் பருத்தி உறை இருந்தது. அவளுக்குத் தூசி துடைக்கும் வேலை மகளுடையது. மகள் படிப்புக்காக வெளியூர் போன பிறகு அது யாருடையதுமில்லை. அவர் சாவியைத் தேடும் நேரத்தை மிச்சப்படுத்த மனைவியின் சுண்டுவிரலில் மாட்டி வைத்தார். அந்த வருடம் கண்காட்சியில் முதல் பரிசு. இத்தனை வயதான இத்தாலிக் காரில் மருந்துக்குக்கூடத் துரு இல்லையே, என்ன ரகசியம் என்று நடுவர் கேட்டதற்கு, "குடும்பத்தோட ஒத்துழைப்புதான்" என்றார். கைதட்டினார்கள்.

மேலும் ஆறு வருடம் போயிற்று. மகள் படிப்பு முடித்து, இரண்டு வருடம் வேலையும் பார்த்துவிட்டு வந்தவள், வீட்டுக்குள் போகாமல் நேராக டிங்கர்காரரின் பட்டறைக்குப் போனாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, கவிழ்த்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். "அந்தக் காசு அளவைச் சுரண்டிட்டாரா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு சொன்னார்: "போன துரு திரும்பி வரும்மா. கதவைத் தொறந்து விடணும், அவ்வளவுதான். ஆனா இனிமே காசு அளவெல்லாம் அதுக்குப் பத்தாது. முழு வண்டியும் கேக்கும்."

மழைக்காலத்தின் முதல் வாரம் அது. மகள் அம்மாவின் சுண்டுவிரலிலிருந்து சாவியை எடுத்தாள். ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தினாள். சின்ன வயதிலிருந்தே தள்ளிப் பழகிய கை. ஒரே தள்ளில் கார் முற்றத்து வெட்டவெளிக்கு வந்து நின்றது. அதன் மேல் இரண்டு வாளி உப்புத் தண்ணீர் ஊற்றினாள். மழை தானாக ஆரம்பித்தது. கண்ணாடிக்காரர் தார்ப்பாயோடு ஓடி வந்தார். மகள் அதைப் பிடுங்கிச் சேற்றில் போட்டு ஏறி நின்றாள். பிறகு அவர் குடையை எடுத்து வந்து, தான் நனைந்தபடி, காரின் பானட்டுக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். அறுபதைத் தாண்டிய மனிதர்.

"அப்பா, உள்ள அம்மா நிக்கிறாங்க. பாத்தீங்களா இல்லையா?"

"அவளுக்குப் பழகிடுச்சும்மா" என்றார் அவர். "வண்டிக்குப் பழக்கமில்லையே."

வேண்டுமென்று சொல்லவில்லை. உண்மையென்று நம்பித்தான் சொன்னார். அந்த நேரத்தில் மழை சாய்ந்து அடித்தது, குடைக்கு எட்டாத பின்கதவின் அடியில் பச்சை வண்ணம் கொப்புளித்தது, கொப்புளம் உடைந்து உள்ளே செம்பழுப்பு தெரிந்தது. ஷெட்டுக்குள் செதில் செதிலாக ஏதோ உதிரும் சத்தம் கேட்டது. தாடை எலும்பு ஒருமுறை கிறீச்சிட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டியதை, ஆறு வருடமாகத் திறக்காத வாயால், அவள் சொன்னாள்.

"குடையை மடக்குங்க."

அவர் மடக்கினார்.

கார் இப்போதும் முற்றத்தில்தான் நிற்கிறது. மூன்று மழைக்காலத்தில் கூரை ஓட்டையாகி, கதவுகள் கையோடு வந்துவிட்டன. இருக்கையில் காளான் பூக்கிறது. அவளுக்குத் தோள் திரும்புகிறது, இடுப்பு வளைகிறது, தலை மட்டும் முழுக்க நரைத்துவிட்டது, அதற்குத் துரு காரணமில்லை. மருந்துக் கடைக்காரர் பழைய வேலையையே கொடுத்துவிட்டார். மிச்சமிருப்பது இடது கணுக்கால் ஒன்றுதான். ஏனென்றால் காரில் பச்சையாக மிஞ்சியிருப்பதும் ஒரே ஓர் இடம், ஸ்டெப்னிக்கு அடியில், ஆறு பூச்சு அடித்த அந்தக் காசு அளவு. கண்ணாடிக்காரர் தினமும் காலையில் டிக்கி இருந்த ஓட்டைக்குள் குனிந்து, ஸ்டெப்னியை நகர்த்தி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பழந்துணியால் அதைத் துடைத்துவிட்டு வருகிறார். ஒரே நிமிடத்தில் அந்தப் பச்சையையும் சுரண்டித் துரு ஏற விட்டுவிடுகிறேன் என்று மகள் உப்புத்தாளோடு கிளம்பியபோது அம்மா தடுத்துவிட்டாள். "இருக்கட்டும் விடுடி. அவருக்கும் ஒரு இடம் வேணுமில்ல."

அதனால் அவள் தெருவில் நடந்து வந்தால் கிறீச், கிறீச் என்று கேட்கும். மாத்திரைக்காரம்மா வருகிறார் என்று கடைக்காரர்கள் திரும்பிப் பார்க்காமலே சொல்வார்கள். புதன்கிழமை தோறும் இரண்டு சொட்டு எண்ணெய். குப்பி அதேதான். அதை அவளே விட்டுக்கொள்கிறாள்.