எலுமிச்சம்பழத்துக்கு இடம்

1

இந்தக் கதை என் யோசனை இல்லை. குமுதா கேட்டது.

"என் வீட்டுக்காரர் எப்படிச் செத்தாருன்னு ஆளுக்கு ஒன்னு சொல்றாங்கண்ணே. ஊருக்கெல்லாம் விவரமா கடுதாசி எழுதிக் கொடுக்குறீங்க. எனக்கும் எழுதுங்க. கதையா இருந்தாலும் பரவாயில்ல."

வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனாள்.

2

முதல் தொடக்கம்: 'புக்கிட் பெலிம்பிங் செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு ரயில் பெட்டி பழைய பயணங்களை நினைத்தபடி…'

அடித்துவிட்டேன். பெட்டி எதையும் நினைக்கவில்லை. அதில் யாரோ கோழி வளர்த்தார்கள்.

இரண்டாவது: குமுதாவின் கணவன் புனிதனும், அவள் தம்பி சேதுவும், இன்னும் சிலரும் ஞாயிறுதோறும் கூடி, கோழி எச்சம் சுரண்டி, துரு தேய்த்து, பலகை மாற்றினார்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. பெட்டி கொஞ்ச தூரமாவது ஓட வேண்டுமென்று தண்டவாளமும் போட்டார்கள். களிமண் தரை மழையில் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. பிரேக் இன்னும் பூட்டவில்லை. சக்கரத்துக்கு முன்னால் ஒரு கட்டையை அண்டை கொடுத்திருந்தார்கள்.

(கட்டையை மறந்துவிடாதீர்கள்.)

3

சேதுதான் எனக்குச் சரியாக அமையவில்லை. சாவு நடக்கப்போகிற கதையில் இவ்வளவு கேலி பேசுகிறவனை எங்கே உட்கார வைப்பது? ஆனால் அன்று அவன் பேசியது இப்படித்தான்:

"மச்சான், புது லோரி எடுத்தாலே பழம் வச்சு ஏத்துறோம். இது ரயிலு லா. சும்மா நகுத்துனா சாமி கோவிச்சுக்கும்."

"சாமிய சமாளிச்சுரலாம். உங்கக்காவ முடியாது. வை," என்றான் புனிதன். பெட்டிக்கு முன்னால், இறக்கத்தில், தண்டவாளத்தின் நடுவே குனிந்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தான்.

சேது சக்கரம் சக்கரமாகப் பழம் வைத்துக்கொண்டு வந்தான். கடைசிச் சக்கரத்தின் முன்னால் பழத்துக்கு இடமில்லை. கட்டை இருந்தது. அவன் அதை

4

மேலே இருப்பதை அப்படியே விடுகிறேன்.

பெட்டி பாய்ந்து வரவில்லை. நடக்கிற வேகம்தான். பழங்களை நசுக்கிக்கொண்டு வந்தது. புனிதன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தானாம், பையன்கள் விளையாட்டுக்குத் தள்ளுகிறார்கள் என்று.

(இதைச் சொன்னவனும் சேதுதான். சொல்லிவிட்டு என் வாசலிலேயே வாந்தி எடுத்தான். பிறகு, "போலீசுல சொன்ன மாதிரியே எழுதுங்கண்ணே. ஈரத்துல கட்டை தானா வழுக்கிருச்சுன்னு. அக்கா கையாலதான் நான் சோறு திங்கிறேன்" என்றான்.)

5

முடிவு, ஒன்று: கட்டை வழுக்கியது. சேது அக்கா வீட்டில் சாப்பிடலாம். அவள் இன்னொருவரிடம் போய்க் கேட்பாள்.

முடிவு, இரண்டு: பெயரை எழுதுகிறேன். புனிதன் போன வீட்டிலிருந்து தம்பியும் போவான். அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

மூன்றாவதாக ஒன்று

6

வெள்ளிக்கிழமை குமுதா வந்தாள். சேதுவின் மோட்டாரில், பின்னால் உட்கார்ந்து.

என் சந்தேகங்களையும் சேதுவின் பேரையும் நீக்கிப் படி எடுத்த தாளைக் கொடுத்தேன். வாங்கியவள் அப்படியே தம்பியிடம் நீட்டினாள்.

"கண்ணாடி கொண்டாரல. நீ படிடா. சத்தமா."

கோழி எச்சம் வரைக்கும் நன்றாகப் படித்தான். பழத்துக்கு வந்ததும் குரல் இறங்கியது. குமுதா அவனைப் பார்க்கவில்லை. முந்தானை நுனியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள்.

தாள் அவன் கையில் இருக்கிறது. நான் இனி அதில் எதுவும் எழுத முடியாது. அவன் நிற்கிற வரி இதுதான். அவனால் முடியாவிட்டால் நீங்கள் படியுங்கள்:

'பழத்துக்கு இடம் வேண்டுமென்று கட்டையை எடுத்தது ____________'