மூன்றாவது மெத்தை

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சுவரில் சாய்ந்துகொள்வதானால் சாய்ந்துகொள்ளுங்கள், தூங்கிவிடாமல் இருந்தால் சரி. மெத்தை விற்றவர் கதை இது. கேட்கும்போதே கண்ணைச் சொருகும்.

கடைத்தெருவில் எல்லோரும் அவரை மெத்தைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடி வைத்த பெரிய கடை. உள்ளே வரிசையாக மெத்தைகள். செருப்பைக் கழற்றாமல் படுத்துப் பார்க்கிறவர்களுக்காக ஒவ்வொன்றின் கால்மாட்டிலும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. அவருக்கு ஒரே மகள். பள்ளி விடுமுறை முழுவதும் அந்த மெத்தைகளுக்கு நடுவில்தான் அவளுக்குக் கழிந்தது. ஆகவே அப்பாவின் வித்தை அவளுக்கு அத்துப்படி.

வருகிறவர்களுக்கு மூன்று மெத்தை காட்டுவார், கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். முதலாவது கட்டாந்தரை மாதிரி இருக்கும். இரண்டாவதில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். இரண்டையும் வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு, பாவம் மனிதரை இப்படி அலைக்கழிக்கிறோமே என்று ஒரு கூச்சம் வந்துவிடும். அந்த நேரம் பார்த்து மூன்றாவதைக் காட்டுவார். காலையிலேயே விற்க நினைத்து வைத்தது அதைத்தான். "நீங்களா பார்த்து எடுத்தீங்க, நான் ஒரு வார்த்தை சொல்லல" என்று பில்லைக் கிழித்துக் கொடுப்பார்.

மகளுக்கோ கல்லின் மேல் பைத்தியம். நடக்கிற வழியில் ஒரு கல்லை எடுத்தால் வீடு வரும்வரை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வருவாள். பக்கத்துக் கல்லூரியில் நிலவியல் என்று ஒரு படிப்பு இருந்தது. பாறையும் மண்ணும் எப்படி உண்டாயின என்று சொல்லித் தருவார்கள். பத்துப் பேர் சேர்ந்தாலே அதிகம். அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

அப்பா அவளுக்காக எடுத்து வைத்திருந்தது வணிக மேலாண்மை. படித்து முடித்துக் கடையில் உட்கார அவளுக்கு ஒரு சுழல் நாற்காலியும் வாங்கிப் போட்டுவிட்டார். அதன் பிளாஸ்டிக் உறையைத்தான் இன்னும் பிரிக்கவில்லை.

"அப்பா, நான் நிலவியல் படிக்கிறேன்."

"உன் இஷ்டத்துக்கு யாரும்மா குறுக்க நிக்கிறா? பணம் என்னோடது, படிப்பு உன்னோடது, முடிவு நம்மளோடது."

அந்த 'நம்ம'வில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

"நான் மெத்தை விக்கிறேன். என் பொண்ணு கல்லைக் கட்டிக்கிட்டு அழணுமா? சரி, படி. ஆனா பீஸையும் அந்தக் கல்லுகிட்டயே கேட்டு வாங்கிக்க."

அவள் சும்மா இருக்கவில்லை. துணிக்கடை, மருந்துக்கடை எல்லாம் ஏறி இறங்கி வேலை கேட்டாள். கிடைக்கிற சம்பளத்தில் சேர்த்து வைத்துப் படிப்பதென்றால், கூடப் படித்தவர்களின் பிள்ளைகளோடுதான் கல்லூரிக்குப் போக வேண்டியிருக்கும். 

விண்ணப்பம் வந்தது. மூன்று படிப்புகளை எழுத வேண்டும். மெத்தைக்காரர் கடையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"காசு குடுக்கறவன் கைலதான் பேனா இருக்கணும்" என்றவர், முதல் வரியில் நிலவியல் என்று எழுதினார்.

மகள் எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, "என்னங்க, மனசு மாறிட்டீங்களா?" என்றாள்.

"அட, நீ வேற. இத்தனை வருஷம் என்கூட இருந்து என்னத்தைக் கத்துக்கிட்டே? முதல் ரெண்டும் தள்ளிவிடறதுக்குத்தான். மனுஷன் விழறது மூணாவதுல." இரண்டாவது வரியில் வாயில் நுழையாத ஏதோ ஒன்றை எழுதினார். மூன்றாவதில் வணிக மேலாண்மை. "நாளைக்குச் சொந்தக்காரங்க கேட்டா, என் பொண்ணு ஆசைக்குத்தான் முதல் இடம்னு தைரியமா சொல்லலாம் பாரு."

மகள் பொய் சொல்லத் தெரியாத பெண். "அப்பா, கீழ ஒரு குறிப்பு போட்டிருக்காங்க. ஒரு தடவை படிச்சிடுங்க" என்றாள்.

"முப்பது வருஷமா யாவாரம் பண்றவனுக்குப் பாரம் நிரப்பச் சொல்லித் தர்றியா? போ, போயி விரிப்பைத் துடை."

அவள் மறுபடி வாயைத் திறப்பதற்குள் அம்மா கையைப் பிடித்து அழுத்தினாள். "ஒரு தடவை சொல்லிட்டே இல்ல? அது கடமை. ரெண்டாவது தடவை சொன்னா பெரியவங்களை எதிர்த்துப் பேசறதாயிடும்" என்றாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

எந்தப் படிப்பானாலும் கட்டணம் ஒன்றுதான், விண்ணப்பத்தோடு மூன்று வருடப் பணத்தையும் சேர்த்துக் கட்டினால் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி என்று போட்டிருந்தது. தள்ளுபடியைக் கண்டால் மெத்தைக்காரருக்குக் கை தானாகப் பைக்குள் போகும். அன்றைக்கே கட்டிவிட்டு வந்தார்.

பத்தாம் நாள் செய்தி வந்தது. முதல் விருப்பமே கிடைத்துவிட்டது. நிலவியல்.

மெத்தைக்காரர் மகளையும் இழுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பணம் வாங்கும் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், மூணாவதா எழுதினதைக் குடுங்க. அதுதான் எங்களுக்கு வேணும்."

"எழுதின வரிசைப்படிதான் இடம் குடுப்போம்னு கீழ குறிப்பு போட்டிருக்கே. அப்ப ஏன் சார் அதை மூணாவதா எழுதினீங்க?"

 வித்தையை வெளியே சொன்னால் அந்த அம்மா நாளைக்குக் கடைக்கு வரமாட்டாள்.

"சரி, கட்டின பணத்தைத் திருப்பிக் குடுங்க. நாங்க வேற இடம் பார்த்துக்கறோம்."

அந்த அம்மா பேனாவால் சுவரைக் காட்டினாள். கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது, மாற்றியும் தரப்படாது என்று சிவப்பில் எழுதியிருந்தது. அவர் கடையில் கல்லாவுக்கு மேலே தொங்குவதும் இதே வாசகம்தான். எத்தனை பேர் முதுகுவலியோடு வந்து, அதைப் படித்துவிட்டுப் பேசாமல் திரும்பியிருக்கிறார்கள். மெத்தைக்காரர் நிமிர்ந்து இரண்டு முறை படித்தார்.

"எழுத்து நல்லா பெருசா எழுதியிருக்காங்க" என்றார் கடைசியில்.

இருவரும் கடைக்குத் திரும்பினார்கள்.  பணம் வீணாவதா, பெண் கல்லைப் படிப்பதா என்று உள்ளே பெரிய மல்லுக்கட்டு நடந்திருக்க வேண்டும். கடை வாசலில் நின்று, "திங்கக்கிழமை எத்தனை மணிக்குக் காலேஜு?" என்று கேட்டார். பணம் ஜெயித்துவிட்டது. இத்தனை நாள் அவளை மறித்துக்கொண்டு நின்றதும் அதே பணம்தான்.

"ஒன்பது மணிக்குப்பா."

"லேட்டாப் போயி நிக்காதே. கட்டினது மூணு வருஷத்துக்கு."

இப்போது அந்தச் சுழல் நாற்காலியில் அவரே உட்கார்ந்திருக்கிறார், உறையைப் பிரிக்காமல். அசைந்தால் சரசரக்கிறது. யாராவது விசாரித்தால், "அவ ஆசைப்பட்டதைத்தான் முதல்ல எழுதினேன். பெத்தவன்னா அப்படி இருக்கணும்" என்கிறார். அதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள் மகள் புத்தகப் பையோடு உள்ளே நுழையும்போது, இதுவரை ஒருவரும் வாங்காத அந்த முதல் மெத்தையைத் தட்டிக்கொண்டு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்:

"என் பொண்ணு பாறையைப் பத்திப் படிக்கிறவ சார். அவளே கையை வச்சுப் பார்த்து, இந்தக் கெட்டி வேற எதுக்கும் வராதுன்னுட்டா."

அன்றைக்கு அது விற்றுப்போனது.

போய்ப் படுங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆசைப்பட்டது முதல் வரியிலேயே இருக்கட்டும், யாரும் தந்திரமாக எழுதாமலேயே. கொடுக்கிற கை கொடுத்ததோடு மறந்து போகட்டும். விரித்தது பாயோ மெத்தையோ, தலை சாய்த்ததும் உங்கள் வீட்டில் அத்தனை பேருக்கும் தூக்கம் வரட்டும்.